பாட்டி கல்லறை மேல் கிரானைட் போடும் முன்

கேள்வி: எங்கள் பூர்வீகம் பாம்பன் தீவில் ஒரு மீனவ ஊர். நான் திருச்சியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் என் கொள்ளுத்தாத்தா, பாட்டி, சின்ன வயதிலேயே இறந்துபோன இரண்டு அத்தைகள் எல்லாரும் இருக்கிறார்கள். தாத்தா 1964 புயலில் தனுஷ்கோடியில் போனவர், உடல் கிடைக்கவே இல்லை. 1971இல் பாட்டி இறந்தபோது அவர் கல்லிலேயே தாத்தா பெயரையும் சேர்த்து வெட்டினார்கள். இந்த முறை போனபோது மனசு விட்டுப்போய்விட்டது. கடல் பக்கச் சுவர் சாய்ந்து கிடக்கிறது, கருவை மண்டிக்கிடக்கிறது, பழைய கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயரே தெரியவில்லை. ஜேசிபி விட்டுச் சமன் பண்ணி, பேவர் பிளாக் போட்டு, புதிதாகக் குழி எடுக்க இடம் பார்க்கலாம் என்று ஊர்க் கமிட்டியில் பேச்சு. துபாயில் இருக்கும் என் தம்பி, பாட்டி கல்லறையை மட்டும் இடித்துவிட்டுக் கறுப்பு கிரானைட்டில் புதிதாகக் கட்டிவிடலாம், பணம் அனுப்புகிறேன் என்கிறான். எலும்புகளை எடுத்துத் திருச்சிக்கே கொண்டுவந்துவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். என்ன செய்யட்டும், ஐயா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டு, பணம் அனுப்புவதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாதே, உன் பணம் தேவைப்படும், ஆனால் கிரானைட்டுக்கு இல்லை என்று சொல்லுங்கள். ஏனென்றால் நீங்கள் அனுப்பிய படங்களில் ஏழாவது படத்தை நான் ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டியின் பெயர் வெட்டிய கடப்பாக்கல் அது. மேலே ‘சேசு மரி சூசை துணை’, அந்த ‘ணை’ பழைய தும்பிக்கை எழுத்தில் இருக்கிறது, கீழே பாட்டி பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் தாத்தா பெயர், கடைசி வரி ‘64 புய’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘லில்’ இருந்த இடத்தில் கல்லின் தோல் ஒரு விரல் அகலத்துக்கு உரிந்து விழுந்திருக்கிறது. டீச்சர், உங்கள் தாத்தாவுக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே கல்லறை அந்த இரண்டு வரிதான். அதை இடித்துவிட்டு எவ்வளவு பளபளப்பான கல் வைத்தாலும், 1971இல் உங்கள் குடும்பம் அவரைத் தேடித் தேடிக் கிடைக்காமல், கடைசியில் மனைவியின் கல்லில் கொண்டுவந்து சேர்த்தார்களே, அந்தக் கல்லாக அது ஆகாது.

இராமநாதபுரம் கடற்கரையில் 27 வருடமாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்தவரை, கடல் அழித்த கல்லறைகளைவிட, நல்ல மனதோடு ‘புதுப்பித்து’ அழித்தவைதான் அதிகம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது? பெயர்களிலிருந்து. சுவரை அப்புறம் கட்டிக்கொள்ளலாம், கருவையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். உதிர்ந்த எழுத்து திரும்பி வராது, ஒவ்வொரு மழைக்கும் இரண்டு எழுத்து போய்க்கொண்டிருக்கிறது. ஊரில் ஒரு வாரம் தங்குகிற மாதிரி போங்கள். விடியற்காலையில், சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழம் ஏறுவதற்குள், கல்லறைத் தோட்டத்தில் இருங்கள். வெயில் படுக்கையாக விழும்போது, நடுப்பகலில் கண்ணுக்கே தெரியாத எழுத்துகள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். வெயில் படாத பக்கம் என்றால் ராத்திரி போய், டார்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். செல்போன் போதும். ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் எடுக்க வேண்டும், டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றிப் பிடித்து நான்கு படம். எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, சுண்ணாம்பு பூசுவது, கோலமாவு தேய்ப்பது எதுவும் வேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றிப் படி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இங்கே கூடாது. நல்ல கருங்கல்லுக்கு அது சரி, பொரிந்துபோன கல்லில் தாளை உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு எண் போட்டு, படம் வரைந்து, எந்த இடத்தில் எது என்று குறித்து, கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். நீங்கள் தமிழ் டீச்சர் என்றால் கை துறுதுறுக்கும், பிழையைத் திருத்தத் தோன்றும், திருத்தாதீர்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கல் எல்லாம் பழைய ‘லை’, ‘ணை’, ‘றா’தான் இருக்கும். இன்னும் பழையதில் தமிழ் எண்கள் இருக்கும், வருடத்துக்கு விளம்பி, பிலவ என்று பெயர் இருக்கும். அந்த எழுத்தின் உருவமே கல்லின் வயதைச் சொல்லுகிற சாட்சி. வருடப் பெயரை மட்டும் வைத்து ஆங்கில வருடத்தை முடிவு பண்ணிவிடாதீர்கள், அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பக்கத்தில் இருக்கிற எழுத்தைப் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று தெரியும்.

பெயர் போய்விட்ட கல்லறைகளுக்கு ஊரில் இருக்கிற வயசாளிகள்தான் ஏடு. எண்பது தாண்டிய ஒரு பாட்டியையும், குழி வெட்டுகிறவர் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்து பாருங்கள், உட்கார வைத்துக் கேட்டால் ‘எல்லாம் மறந்துபோச்சு’ என்பவர்கள், இடத்தில் கால் வைத்ததும் ‘இது பெரியவீட்டு மாமா, இது பிரசவத்துல போன பிள்ள’ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். பேசுவதை அப்படியே போனில் பதிவு பண்ணுங்கள். அதோடு பங்குத் தந்தையைப் பார்த்து அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். சிவகங்கை மறைமாவட்டம் 1987இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, அதனால் அதற்கு முந்தைய ஏடு பங்கில் இல்லாவிட்டால் சிவகங்கையோடு நிற்காமல் மதுரையிலும் விசாரியுங்கள். உபதேசியார் (கோயில் காரியங்களில் பங்குத் தந்தைக்கு உதவுகிறவர்) ஒருவர் பல வருடமாக அதே ஊரில் இருந்தால் சாமியாரைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

இனி கல்லுக்கு வருகிறேன், நான் வேலை செய்கிற விஷயம் இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்ப் பழைய கல்லறைகள் முருகைக்கல்லில் கட்டினவை. கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைதான் முருகைக்கல், அந்தக் காலத்தில் வீடு, கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் எல்லாவற்றுக்கும் இந்தக் கடற்கரையில் அதுதான் கல், அதைச் சுட்டால் அதுதான் சுண்ணாம்பு. தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கிறதே மாதாகோயில் சுவர், அதில் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளத்தின் பூ வடிவம் அப்படியே தெரியும். 1964இலிருந்து எந்தப் பராமரிப்பும் இல்லாமல், உப்புக்காற்றுக்கு நடுவில், பார்க்க வருகிறவர்கள் கையால் பெயர்த்துக்கொண்டு போவதையும் தாங்கிக்கொண்டு அது நிற்கிறது என்றால், அந்தக் கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடுகிறதுதான் காரணம்.

மூச்சு விடுவது என்று சும்மா சொல்லவில்லை. கல்லறையின் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும், அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்துக்கு மேலே போனால் நம் சாதாரண உப்பு தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் திரும்பப் படிகமாகும். நம் கடற்கரையில் இது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம் இல்லை, ராத்திரி கரைந்து மத்தியானம் உறைந்து என்று பல நாள் தினமும் நடக்கும். படிகம் வளரும்போது இடம் கேட்கும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் வெளியே வந்து, உப்பு பூச்சின் மேல் வெள்ளையாகப் பூத்து, பூச்சுதான் முதலில் உதிரும், கல் பிழைக்கும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சை மாற்றினால் போதும், முன்னோர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதே இடத்தில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லை, சிமெண்டுக்குப் பின்னால் கல்லின் முகத்திலேயே உப்பு கட்டும். வெளியே பார்த்தால் கல்லறை கெட்டியாகத் தெரியும், உள்ளே கல் மாவாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் சிமெண்ட் பலகை மாதிரிப் பெயர்ந்து விழும்போது கல்லின் முகத்தையும் எடுத்துக்கொண்டுதான் விழும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, செய்து தெரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், இதே கடற்கரையில் ஒரு குடும்பம் தங்கள் பெரியவரின் முருகைக்கல் கல்லறையைக் காட்டி ‘என்ன பண்ணலாம் தம்பி’ என்று கேட்டபோது, நான்தான் நல்ல சிமெண்ட் கலவையில் சந்துகளை அடைத்து மேலே பூசச் சொன்னேன். மூன்றாவது மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் சிலுவைக்குக் கீழே சுதையில் செய்த ஒரு சின்னப் பூங்கொத்து இருந்தது, அது தரையில் சிமெண்ட் சில்லோடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க உப்பு, கை வைத்தால் பொலபொலவென்று கொட்டியது. அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து நான் கல்லறை வேலைக்குச் சிமெண்ட் மூட்டையை உள்ளே கொண்டுபோக விட்டதில்லை.

இது மதம் பார்க்கிற விஷயமும் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம்களின் மையவாடிகளில் (அடக்கத் தோட்டங்களில்) மீஸான் கல்லைச் (கல்லறையில் நடுகிற கல்லைச்) சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டினாலும் இதே கதைதான். ஒரு ஊரில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு பாய், ‘மாதாகோயில்காரங்களுக்கும் இதையே சொல்லுங்க, அங்கயும் இதே கூத்துதான்’ என்று சொல்லி அனுப்பினார், அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

அதனால் ஒவ்வொரு நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடிப்பது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் போடுவது எல்லாவற்றையும் உங்கள் குடும்பக் கல்லறைகளிலாவது இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள். பாசி இருந்தால் மென்மையான நார் பிரஷும் நல்ல தண்ணீரும், சந்துக்கு மூங்கில் குச்சியும், அவ்வளவுதான். கல் பொரிந்து மாவாக இருக்கிற இடத்தில் அதுகூட வேண்டாம். தண்ணீர் என்றால் போர் தண்ணீர் ஆகாது, தீவில் அது உப்பு, நாக்கில் வைத்தாலே தெரியும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற காவிரித் தண்ணீர், இல்லாவிட்டால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

பாட்டியின் கடப்பாக்கல்லுக்கு இரண்டு காரியம். உரியத் தயாராகத் தூக்கிக்கொண்டிருக்கிற செதில்களை யாரும் விரலால் நோண்டக் கூடாது, பசை போட்டு ஒட்டவும் கூடாது. கல்லைச் சுற்றிப் பிற்காலத்தில் யாரோ போட்டிருக்கிற சிமெண்ட் விளிம்பை, உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைத்தால் ஈரம் கல்லின் முகம் வழியாக வராமல் விளிம்பு வழியாக வெளியேறும். எடுக்கும்போது கல்லும் சேர்ந்து அதிர்ந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும், பாதிச் சிமெண்ட் இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், உப்பை இழுக்கப் பத்து போடுவோம். வீக்கத்துக்குப் பத்து போடுவது மாதிரிதான், அச்சடிக்காத வெள்ளைத் தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்லின் கெட்டியான பகுதியில் விரல் கனத்துக்கு அப்பி, நிழல் கட்டிக் காயவிட்டு எடுத்தால், உப்பு கூழுக்கு வந்திருக்கும். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், பழகியவர் ஒருவர் கூட இருந்து முதலில் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அளவு செய்து பார்க்கட்டும்.

சாந்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீற்றி மூன்று வாரமாவது தொட்டியில் கிடந்ததாக வேண்டும். பாக்கெட்டில் வருகிற பொடி வேண்டாம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல், கடல் மணல் ஒரு பிடிகூடச் சேரக் கூடாது. உங்கள் தீவில் கொத்தனார்கள் பழக்கத்தில் பக்கத்து மணலையே அள்ளிவிடுவார்கள், கூட நின்று பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி உடைத்து ஒரு வாரம் ஊறப்போட்டு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும் கரைத்து, அந்தத் தண்ணீரில் சாந்தைக் குழைப்பது இங்கே பழைய முறை. அளவு அதிகமானால் சாந்து இறுகாமல் ஒழுகும், இதற்கும் முதலில் ஒரு சாண் மாதிரி போட்டு ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் மிச்சம். பூசின பிறகு ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் வெடித்துவிடும்.

விழுந்து கிடக்கிற முருகைக்கல் ஒன்றைக்கூட இடிபாடு என்று வெளியே கொட்ட விடாதீர்கள். பவளம் எல்லாம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலிலிருந்து புதிதாக எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அதனால் உங்கள் தோட்டத்துக்குள் கிடக்கிற கல்தான் உங்களுக்குக் கிடைக்கிற மாற்றுக்கல். ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோனால் வனத்துறை நிறுத்திக் கேட்பதும் நியாயம்தான்.

கருவைக்கு வருகிறேன். ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினால் கல்லறையும் சேர்ந்து வரும், ஏனென்றால் வேர் கல்லறையைத்தான் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கரிமூட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டால் கூலி வாங்காமல்கூட வெட்டி எடுத்துக்கொள்வார்கள், ஆனால் தூருக்கும் விலை உண்டு என்பதால் தோண்டத்தான் பார்ப்பார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள். கல்லறையிலிருந்து ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, தூரத்துக்குள் கடப்பாரை கூடாது, தரையோடு அறுத்து, பட்டையை உரித்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருடம் ஆள் வேண்டும், ஊரில் ஒரு வீட்டுக்கு மாதம் ஏதாவது கொடுத்து ஏற்பாடு பண்ணுங்கள். வெட்டின முள்ளை அங்கேயே போட்டுக் கொளுத்துகிற பழக்கம் இருக்கிறது, சூட்டில் முருகைக்கல் வெடித்துவிடும், அதை மட்டும் எப்படியாவது தடுங்கள். கல்லறைச் சந்தில் முளைத்திருக்கிற அரசங்கன்றையும் இழுக்காதீர்கள், வெட்டிவிட்டு விடுங்கள்.

கடல் பக்கச் சுவர்தான் கஷ்டம். படத்தில் பார்த்தால் சுவரின் அடிமணல் வாடைக்காலத்தில் அரித்துப் போயிருக்கிறது. அங்கே கான்கிரீட் சுவர் எழுப்புவதோ கல் கொட்டுவதோ நீங்களும் கமிட்டியும் முடிவு பண்ணிச் செய்கிற காரியம் இல்லை, அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிற இடம், அனுமதி வேண்டும். தவிர, ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும், அந்த ஊரிலும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. என் யோசனை, சாய்ந்த சுவரை மேலும் சாயாமல் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அதற்கு வெளியே இருக்கிற மணல்மேட்டைக் காப்பாற்றுங்கள். அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கிற இடத்தில் மணல் நிற்கிறதைப் பாருங்கள், அதை வள்ளம் இழுக்கிற பாதையை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இடத்தில் பரவ விடுங்கள், மணல் அள்ள விடாதீர்கள். நூறு வருடத்துக்கு இது தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் பெயர்களை முதலில் எழுதச் சொன்னேன்.

பேவர் பிளாக் பற்றி ஒரே வார்த்தை, வேண்டாம். மண்ணை மூடினால் மண் வழியாகப் போகவேண்டிய ஈரம் முழுக்கக் கல்லறைக்குள் ஏறும்.

இப்போது கமிட்டி. டீச்சர், இதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊரை விட்டுப் போனவர்களின் கல்லறைகள்தான் அநேகமாகப் பராமரிப்பில்லாமல் கிடக்கின்றன, ஊரில் இருப்பவர்கள் செத்தால் புதைக்க இடமில்லாமல் நிற்கிறார்கள். ஜேசிபி என்று பேசுகிறவர்கள் பாவிகள் இல்லை, அவர்கள் வீட்டில் நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் எங்கே குழி எடுப்பது என்கிற கவலை. இந்தக் கவலைக்கு ஒரு வழி சொல்லாமல் ‘பாரம்பரியம்’ என்று நீங்கள் திருச்சியிலிருந்து வந்து பேசினால் எடுபடாது. நீங்கள் எடுத்த நோட்டும் வரைபடமும் இங்கேதான் உதவும். எது கல்லறை, எது வெறும் இடம் என்று வரைந்து காட்டினால், கருவைக்கு அடியில் மறைந்து கிடக்கிற காலி இடம் வெளியே வரும், பல ஊர்களில் நான் பார்த்தது இது. எங்கள் வீட்டு ஆட்களை எங்கள் குடும்பக் குழியிலேயே அடக்குகிறோம், புதிதாக இடம் கேட்க மாட்டோம் என்று உங்கள் குடும்பம் முதலில் எழுதிக் கொடுங்கள். இன்னும் நாலு குடும்பம் பின்னால் வரும்.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். சர்வே எண் தெரிந்தால் அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) விவரத்தை வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட (நில அளவு வரைபட) நகலும் வாங்குங்கள். மறைமாவட்டம் அல்லது பங்கின் பெயரில் பட்டாவா, மயானப் புறம்போக்கா, அல்லது நத்தம் என்றா என்பதைப் பொறுத்து, யாரிடம் பேச வேண்டும் என்பதே மாறும். நம் மாவட்டத்தில் பெரும்பகுதி சேதுபதி ஜமீனாக இருந்து, 1948ஆம் வருட ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் அரசு செட்டில்மெண்ட் வந்தது, அதனால் 1980களின் யுடிஆர் (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) பதிவில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் 10 ரூபாய் கட்டி 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கல்லறைகளை அவமதிக்கும் நோக்கத்தோடு அத்துமீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆவது பிரிவில் ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சொந்தக்காரர்களிடம் அதை முதலில் எடுத்து நீட்டாதீர்கள்.

தொல்லியல் துறைப் பாதுகாப்புக் கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஒன்று ஆகிவிட்டால் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாகக் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே வீடுகள் இருக்கிற உங்கள் ஊரில் அதைக் கேட்டால், மொத்த ஊரும் கல்லறைக்கு எதிரியாகிவிடும். இன்னும் ஆட்களைப் புதைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

எலும்புகளைத் திருச்சிக்குக் கொண்டுவருவது பற்றிக் கேட்டீர்கள். பங்கின் சம்மதமும் உள்ளாட்சி, வருவாய் அதிகாரிகளின் அனுமதியும் இல்லாமல் மண்ணைத் தொடவே கூடாது என்பது ஒரு பக்கம். 1971இல் அந்த உப்பு மணலில் புதைத்தவரிடம் எடுக்க எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். கொள்ளுத்தாத்தாவின் குழியில் அவருக்கு மேல் வேறு யாரும் இல்லை என்றும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் விட, பாட்டியை எடுத்துக்கொண்டு போனால் தாத்தா பெயரை என்ன செய்வீர்கள்? கடலில் போனவர் கடலோரத்தில் இருக்கட்டும், டீச்சர். அவரோடு பாட்டியும் இருக்கட்டும்.

தம்பியின் பணத்தைச் சுவருக்கு முட்டுக் கொடுக்கவும், முள் வெட்டவும், சுண்ணாம்புக்கும், பெயர் எல்லாம் எழுதின நோட்டை நாலு பிரதி போட்டுப் பங்குக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று கொடுக்கவும் வையுங்கள். கட்டாயம் புதுக் கல் வைத்தே ஆக வேண்டும் என்று தம்பி நின்றால், கல்லறை மேல் இல்லாமல், கால்மாட்டில் தனியாக மண்ணில் ஒரு சின்னக் கல் நடட்டும், பழைய கல்லில் இருக்கிற அதே வாசகத்தை, ‘புயலில்’ என்று முழுசாக வெட்டி. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று செய்தோம் என்று அவர் மனசும் ஆறும்.

சாந்து வேலையைக் கார்த்திகை மழையில் தொடாதீர்கள், தை பிறந்து பங்குனிக்குள் முடியுங்கள், சித்திரை வெயில் சுண்ணாம்புக்கு ஆகாது. படம் எடுப்பதற்கு எதற்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். போனால் அந்த ஏழாவது படத்தை விடியற்காலை வெயிலில் இன்னொரு தடவை, கீழிருந்து இரண்டாவது வரி முழுக்க வருகிற மாதிரி எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து மாதிரி ஒன்று தெரிகிறது, அவருடைய அப்பா பெயரின் முதல் எழுத்தாக இருக்கும் என்று நினைக்கிறேன், பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது.